ஏழு மாசம் கோமா: ஒரு சீரியல் நடிகரோட இருபது வருஷத்து கணக்கு (நிகழ்வு ஆய்வு)

எங்க அம்மாவோட தம்பி, எனக்கு மாமா முறை, இருபது வருஷத்துக்கு மேல டிவி சீரியல்ல நடிச்சவர். அவர் பேரு, சீரியல் பேரு, சேனல் பேரு எதுவும் இங்க போடல. எழுதினத அவர்கிட்ட படிச்சு காட்டி ரெண்டு இடத்துல திருத்தம் சொல்லி சரின்னு சொன்னதுக்கு அப்புறம் தான் வெளிய விடறேன். நான் தர்மபுரி டவுன்ல வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் பண்ணி குடுக்கற சின்ன ஆபீஸ் வச்சிருக்கேன், 2020ல இருந்து அவரோட வரவு செலவு கணக்கு என் கையில தான் இருக்கு, அதுக்கு முந்தின வருஷத்து கணக்கு அவரே எழுதி வச்ச நோட்டுல இருந்து எடுத்தது.

எதுக்கு எழுதறேன்னா, தர்மபுரி, பென்னாகரம், ஊத்தங்கரை, போச்சம்பள்ளி பக்கம் இருந்து நடிக்கணும்னு ஆசைப்படற பசங்க மாசத்துக்கு ஒருத்தராவது மாமாவ பாக்க வர்றாங்க, எல்லாரும் கேக்கறது "எப்படி சார் உள்ள போறது"ன்னு தான். உள்ள போயி பத்து வருஷம் கழிச்சு என்ன ஆகும்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல.

பின்னணி

மாமா பொறந்தது 1970ல, பென்னாகரம் பக்கத்துல ஒரு கிராமம். தாத்தா தெருக்கூத்து ஆடறவர். திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வச்சா பகல்ல பாரத பிரசங்கம், ராத்திரி பூரா கூத்து, கடைசி நாள் காலைல படுகளம், அதுல துரியோதனன் வேஷம் எங்க தாத்தாவுக்கு தான். மாமா பத்து வயசுல இருந்து பின்பாட்டு பாடி, அப்புறம் சின்ன வேஷம் கட்டி வளர்ந்தவர். மைக்கே இல்லாம ஊர் கடைசில உக்காந்திருக்கறவனுக்கும் கேக்கற தொண்டை அப்படி வந்தது தான்.

படிச்சது பன்னெண்டாவது. கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஃபேக்டரில சீசனுக்கு வேலை, மே ஜூன்ல பெங்களூரா மாங்கா லோடு லோடா வரும், மூணு மாசம் ராப்பகலா ஓடும், அப்புறம் ஒம்பது மாசம் கையில வேலை இருக்காது. சீசன் வேலைன்னா என்னன்னு அவருக்கு நல்லாவே தெரியும், இத ஞாபகம் வச்சுக்கோங்க, ஏன்னா அப்புறம் மெட்ராஸ்ல அவரு மறந்தது இதத்தான்.

1999ல சென்னை போனார். அந்த நேரம் தான் டெய்லி சீரியல் பெருசா கிளம்புது, சித்தி ஆரம்பிச்சது அந்த வருஷம் தான், ராத்திரி ஒம்பதரைக்கு எங்க ஊர்ல டீக்கடை டிவி முன்னாடி கூட கூட்டம் நிக்கும். அதுக்கு அப்புறம் 2002ல மெட்டி ஒலி, 2003ல கோலங்கள்னு வரிசையா வந்து, அதுல கோலங்கள் 1500 எபிசோடு தாண்டி ஆறு வருஷம் ஓடுச்சு. ஒரு குடும்ப சீரியல்னா அப்பா, சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர், வக்கீல், டாக்டர், இன்ஸ்பெக்டர்னு நாப்பது அம்பது பேரு வேணும், சினிமாவுல ஹீரோ ஆக முடியாதவனுக்கும் சோறு போடற தொழிலா அது மாறிச்சு. மாமா உள்ள போனது அந்த கதவு வழியா தான்.

முதல் வருஷங்கள்: 1999 முதல் 2004 வரை

சாலிகிராமத்துல ஒரு ரூம்ல ஆறு பேரு. ரெண்டு வருஷம் கூட்டத்துல நிக்கற வேஷம், கல்யாண பந்தில சாப்பிடறவர், ஆஸ்பத்திரி வராண்டால நடக்கறவர். 2001ல ஒரு ஏட்டு வேஷம் கிடைச்சுது, மூணு நாள் வேலை. அங்க நடந்தது தான் அவர் தொழில தூக்கி விட்டது.

சீரியல்ல வசனம் அன்னைக்கு காலைல தான் வரும், பல நடிகருங்களுக்கு அசிஸ்டன்ட் டைரக்டர் கேமராவுக்கு பக்கத்துல நின்னு வரி வரியா பிராம்ட் பண்ணுவாரு, அத காதுல வாங்கி அப்படியே திருப்பி சொல்லணும். மாமாவுக்கு பிராம்ட்டிங் தேவைப்படல. ராத்திரி பூரா கர்ண மோட்சம் மனப்பாடமா பாடினவருக்கு ஒன்றரை பக்க வசனம் எம்மாத்திரம், ரெண்டு தடவை படிச்சாரு, ஒரே டேக்ல ஓகே. ஒரு நாளைக்கு ஒரு எபிசோடாவது, அதாவது இருபது இருபத்திரெண்டு நிமிஷம், எடுத்து முடிச்சே ஆகணும்னு ஓடற யூனிட்ல ஒன் டேக் ஆர்ட்டிஸ்ட்னா பணம் மிச்சம். மூணு நாள் ஏட்டு பதினோரு நாள் ஏட்டு ஆனாரு.

ஆனா முதல் நாள்ல ஒரு சிக்கலும் இருந்துச்சு. அவரு குரல் எடுத்த உடனே சவுண்ட் பாக்கறவரு ஹெட்ஃபோன கழட்டி கீழ வச்சுட்டாராம். டைரக்டர் மாமா பக்கத்துல வந்து "அண்ணே, கேமரா ரெண்டு அடில இருக்கு, நீங்க பக்கத்து ஊருக்கு பேசறீங்க"ன்னு சொன்னாரு. அன்னைக்கு ராத்திரி ரூம்ல மெழுகுவத்திய மூஞ்சிக்கு நேரா வச்சு, சுடர் ஆடாம வசனம் பேசி பழகினாரு, இத ஒரு மாசம் பண்ணிருக்காரு. கூத்துல இருந்து வர்ற பசங்களுக்கு இத கட்டாயம் சொல்லுவேன், மனப்பாடமும் மூச்சும் உங்களுக்கு இருக்கற சொத்து, அத ரெண்டு அடி தூரத்துக்கு சுருக்க பழகறது தனி வேலை.

2004ல ஒரு பெரிய சீரியல்ல கதாநாயகியோட சித்தப்பா. மாசம் 12 நாள், நாளுக்கு 1,500 ரூபாய், கூட பேட்டா. மாசம் 18,000. இந்த நம்பர் திரும்ப வரும்.

நல்ல காலம்: 2005 முதல் 2016 வரை

இந்த பன்னெண்டு வருஷத்த வேகமா தாண்டிடறேன், ஏன்னா நல்லா போகும்போது கத்துக்க ஒண்ணும் பெருசா இல்ல. அந்த சித்தப்பா வேஷம் அஞ்சு வருஷம் ஓடுச்சு. அப்புறம் ஒரே நேரத்துல ரெண்டு சீரியல், 2012ல மாசம் 18 நாள் வேலை, நாளுக்கு 5,000. ஒரு சீரியல்ல பெரிய மீசை, இன்னொண்ணுல மீசை இல்லாத கோயில் குருக்கள் கேட்டாங்க, மீசைய எடுத்தா முதல் சீரியல் கன்டினியூட்டி போச்சு, அதனால ஒம்பது மாசம் ஒட்டு மீசை வச்சே முதல் சீரியல ஓட்டினாரு, பசை பட்டு மேல் உதடு புண்ணாகி இன்னைக்கும் அங்க ஒரு வெள்ளை தழும்பு இருக்கு. கல்யாணம் ஆச்சு, ஒரு பொண்ணு. மாங்காடு பக்கம் பேங்க் லோன்ல ஒரு ஃபிளாட், இஎம்ஐ 22,000. 2016ல நாளுக்கு 7,500, மாசம் 14 நாள்.

ஊருக்கு வந்தா பஸ் ஸ்டாண்டுல இருந்து வீடு வரைக்கும் பத்து பேரு நிறுத்தி பேசுவாங்க. ஒரு பாட்டி அவரு கைய புடிச்சுகிட்டு "உம்பொண்ண அந்த ஊட்டுக்கு குடுக்காத சாமி, அவனுங்க நல்லவனுங்க இல்ல"ன்னு அழுதது எனக்கு தெரியும், நான் பக்கத்துல தான் நின்னேன். அவரும் அத திருத்தல, "சரி ஆத்தா, பாத்துக்கறேன்"னு சொல்லிட்டு வந்தாரு.

இந்த காலத்துல நடக்காத ஒண்ணு மட்டும் குறிச்சு வைக்கணும். எந்த சீரியலுக்கும் அவர் கையில ஒரு பேப்பர் கிடையாது. மாச கடைசில மேனேஜர் தேதி சொல்லுவாரு, போவாரு, நாள் கணக்குல காசு வரும். பிஎஃப் கிடையாது, இஎஸ்ஐ கிடையாது, ஒரு நாளைக்கு போகலன்னா அந்த நாள் காசு கிடையாது. பன்னெண்டு வருஷம் ஒரே மாதிரி வந்ததால அவரு மனசுல இது மாச சம்பளம் மாதிரி உக்காந்துடுச்சு, லோனும் அந்த நினைப்புல தான் வாங்கினது.

கவனிச்சது: 2017 முதல் 2018 செப்டம்பர் வரை

மொதல்ல மாறினது கதை. அப்பா சித்தப்பா பெரியப்பான்னு கூட்டு குடும்பத்த சுத்தின கதை குறைஞ்சு சின்ன வயசு ஜோடிய சுத்தி கதை நகர ஆரம்பிச்சுது. வீட்ல பெரியவங்க இருப்பாங்க, ஆனா சோபால உக்காந்து ரியாக்ஷன் மட்டும். ரியாக்ஷன ஒரே நாள்ல பத்து எபிசோடுக்கு சேத்து எடுத்துடலாம். வடக்குல இருந்து வர்ற டப்பிங் சீரியலும் நேரத்த புடிச்சுது.

டிஆர்பி நம்பர், அதாவது சீரியல எவ்ளோ பேரு பாத்தாங்கங்கற கணக்கு, வியாழக்கிழமை வரும். அன்னைக்கு யூனிட்ல சாப்பாட்டு நேரத்துல சத்தம் இருக்காதுன்னு மாமா சொல்லுவாரு. நம்பர் இறங்கினா ரெண்டு வாரத்துல கதை திரும்பும், கதை திரும்பினா யாருக்காவது நாள் குறையும். அவர் நடிச்சிட்டிருந்த சீரியல் 2017ல நல்ல இடத்துல இருந்து மெல்ல இறங்குச்சு.

நோட்டுல அப்படியே தெரியுது. 2016 கடைசில மாசம் 14 நாள், 2017 நடுவுல 9, 2018 ஏப்ரல்ல 5. இதே நேரத்துல நாள் சம்பளம் 7,500ல இருந்து 9,000 ஆச்சு, அவரே கேட்டு வாங்கினது. கூட நடிக்கறவங்க எல்லாம் "அண்ணனுக்கு 9 ஆயிரம்"னு மரியாதையா பேசினாங்க, அவருக்கும் அது பெருமையா இருந்துச்சு. 5 நாள் 9,000ன்னா 45,000 தான், 14 நாள் 7,500க்கு 1,05,000 வந்துச்சு. அந்த கணக்க அன்னைக்கு அவரும் போடல, யாரும் போட்டு காட்டல. சம்பளம் ஏறினத பாத்தோம், நாள் குறைஞ்சத பாக்கல.

ரேட்ட ஏத்தினது நாள் குறைய ஒரு காரணமா இருந்திருக்கும்னு நான் நினைக்கறேன். அவரு அத ஒத்துக்கல, கதை தான் காரணம்ங்கறாரு. ரெண்டும் இருக்கலாம்.

கோமா: 2018 அக்டோபர் முதல் 2019 ஏப்ரல் வரை

2018 அக்டோபர்ல கதைப்படி அவருக்கு கார் ஆக்ஸிடென்ட், கோமா. பாக்கறவங்களுக்கு அது சோகம், தயாரிப்புக்கு அது செலவு குறைக்கற வழி. பெரியவர் வேஷத்த கதைல இருந்து தூக்காமலே நாள குறைக்க மூணு வழி வச்சிருக்காங்க, கோமா, வெளிநாட்டு பயணம், இல்லன்னா சொந்த ஊருக்கு அனுப்பி வச்சு ஃபோன்ல மட்டும் பேசறது. கோமால படுத்திருக்கறவர் எல்லா எபிசோடுலயும் வருவாரு, ஆனா மாசத்துல ரெண்டு நாள் படுத்து மூக்குல டியூபு வச்சு எல்லா கோணத்துலயும் எடுத்து வச்சுட்டா போதும், வசனம் எல்லாம் பக்கத்துல உக்காந்து அழற பொண்ணுக்கு.

ரெண்டு நாள், 9,000. மாசம் 18,000. 2004ல முதல் பெரிய வேஷத்துக்கு வந்த அதே 18,000, பதினாலு வருஷம் கழிச்சு, ரேட்டு ஆறு மடங்கு ஏறின அப்புறம். இஎம்ஐ 22,000.

நவம்பர்ல இன்னொரு சேனல்ல இருந்து கூப்பிட்டாங்க, அப்பா வேஷம், மாசம் 10 நாள் வரும்னாங்க. சிக்கல் என்னன்னா அது இதே நேரத்துல ஓடற சீரியல். ஒரே நேரத்துல ரெண்டு சேனல்ல ஒரே மூஞ்சி வர்றத இந்த யூனிட் விரும்பல, எழுத்துல எந்த தடையும் இல்லன்னாலும் மேனேஜர் ஃபோன் பண்ணி "அண்ணே, ஜனவரில பொண்ணு கல்யாண ட்ராக் வருது, நீங்க கண்ணு முழிக்கறீங்க, மாசம் பத்து நாளுக்கு மேல போகும், இப்ப போயிட்டா எப்படி"ன்னு கேட்டாரு.

எடுத்த முடிவு: காத்திருக்கறது. காரணம் மூணு சொன்னாரு. ஒண்ணு, பழைய யூனிட், பத்து வருஷ பழக்கம், நடுவுல விட்டுட்டு போனா பேரு கெடும். ரெண்டு, கல்யாண ட்ராக் வந்தா எல்லா பெரியவங்களுக்கும் நாள் கிடைக்கும், அது உண்மை தான். மூணு, அந்த வேஷம். பெட்ரோல் பங்க்ல கூட அந்த கேரக்டர் பேர சொல்லி தான் கூப்பிடறாங்க, அத விட்டுட்டு போக மனசு வரல. என்கிட்டயும் ஃபோன்ல கேட்டாரு, நானும் "ரெண்டு மாசம் தானே மாமா, காத்திருங்க"ன்னு சொன்னேன். அப்ப நோட்ட கேட்டு வாங்கி நாள எண்ணி பாத்திருந்தா அப்படி சொல்லிருக்க மாட்டேன். அது என் தப்பு, இத்தன வருஷம் கழிச்சும் எனக்கு அது உறுத்துது.

ஜனவரில கல்யாண ட்ராக் வந்துச்சு. டிஆர்பி ஏறல. அப்பா கோமால இருக்கும்போதே பொண்ணு தாலி கட்டிக்கற மாதிரி மாத்திட்டாங்க. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மாசம் ரெண்டு நாள் தான். அந்த இன்னொரு சீரியல்ல அப்பா வேஷம் டிசம்பர்லயே வேற ஒருத்தருக்கு போயிடுச்சு. லோனுக்கு அத்தையோட நகைய அடகு வச்சு நாலு மாசம் கட்டினாங்க, எங்களுக்கு யாருக்கும் சொல்லல.

சாவு: 2019 மே

மே மாசம் ரெண்டாவது வாரம் வழக்கம் போல ரெண்டு நாள்னு தேதி சொன்னாங்க. போயி மேக்கப் போட்டு உக்காந்ததுக்கு அப்புறம் தான் அன்னைக்கு சீன் பேப்பர் கையில குடுத்தாங்க, அதுல நெத்தில ஒரு ரூபா காசு, கால் கட்டை விரல் கட்டுன்னு எழுதிருந்துச்சு. ஒண்ணும் சொல்லாம படுத்தாரு. வளசரவாக்கத்துல அந்த ஷூட்டிங் பங்களா ஹால்ல ஆறு மணி நேரம் படுத்திருந்தாரு, வெயில் காலம், லைட் சூடு வேற, மாலைல இருந்த சாமந்தி வாடி எறும்பு ஏறுச்சு, மூச்சு தெரியக்கூடாதுன்னு வசனத்துக்கு வசனம் அடக்கி விட்டாரு. முடிஞ்ச உடனே கேமராமேன் "அண்ணே ஒரு நிமிஷம், கண்ண தொறந்து சிரிங்க"ன்னு சொல்லி ஒரு ஷாட் எடுத்தாரு. சாவு சீன் நடிச்சவர சிரிக்க வச்சு கடைசியா ஒண்ணு எடுக்கறது அந்த யூனிட்ல வழக்கம், மனசுக்கு ஒரு பரிகாரம். மாமா சிரிச்சாரு. அந்த கேமராமேன் அத தன் ஃபோன்லயும் எடுத்து மாமாவுக்கு அனுப்பினாரு, அந்த படத்த நான் பாத்திருக்கேன், மூக்குல பஞ்சு இன்னும் இருக்கு.

அந்த எபிசோடு ஓடினப்ப எங்க அம்மாயி, அதாவது மாமாவோட அம்மா, ஊர்ல டிவி முன்னாடி உக்காந்திருந்தாங்க. யாரும் முன்கூட்டி சொல்லல. நாங்க ஓடி போயி டிவிய அணைச்சோம். அம்மாயி தன் புருஷன் படுகளத்துல துரியோதனனா தொடை பொளந்து சாகறத முப்பது வருஷம் பாத்தவங்க, ஒரு தடவை கூட கண்ணு கலங்கினதில்ல, அதனால "நடிப்பு தானே அம்மாயி"ன்னு நான் சொன்னேன். அதுக்கு அவங்க, "அங்க செத்தவன் அஞ்சு நிமிசத்துல எந்திரிச்சு வந்து மூஞ்சி கழுவிட்டு காப்பி கேப்பான்டா, இங்க போட்டோவுக்கு மால போட்டு மாட்டிட்டானுங்களே, இனி என் புள்ள எப்பிடி எந்திரிப்பான்"னாங்க.

நான் இதுவரைக்கும் கேட்டதுலயே இந்த தொழில பத்தி சரியா சொன்ன வார்த்தை அது தான். கூத்துல வேஷம் செத்தாலும் ஆடறவனுக்கு அடுத்த வருஷம் அதே வேஷம் இருக்கு. சீரியல்ல வேஷத்துக்கு மாலை போட்டா ஆடறவனுக்கும் அன்னைக்கோட கணக்கு முடிஞ்சுது. நடிகரே இல்லாம போனாலும் வேஷம் நிக்காதுங்கறதையும் சேத்துக்கணும், 2023 செப்டம்பர்ல நடிகர் மாரிமுத்து சார் காலைல டப்பிங் பேசிட்டிருக்கும்போதே நெஞ்சு வலி வந்து இறந்தப்ப தமிழ்நாடே அழுதுச்சு, அவரு பண்ண எதிர்நீச்சல் சீரியல் ஆதி குணசேகரன் வேஷத்துக்கு கொஞ்ச நாள்ல வேல ராமமூர்த்தி வந்தாரு, கதை ஓடுச்சு. யார் மேலயும் குத்தம் சொல்லல, தினமும் ஓட வேண்டிய ஒண்ணு அப்படித்தான் ஓடும்.

லாக்டவுன்: 2020

மே 2019ல இருந்து மார்ச் 2020 வரை அங்க ரெண்டு நாள் இங்க மூணு நாள்னு கெஸ்ட் ரோல், ஜட்ஜ், ஜோசியர். 2020 மார்ச் 19ல இருந்து எல்லா ஷூட்டிங்கும் நின்னுச்சு. மாமா குடும்பத்தோட ஊருக்கு வந்துட்டாரு. மே கடைசில தான் அறுபது பேருக்கு மேல போகக்கூடாதுன்னு சொல்லி சீரியலுக்கு திரும்ப அனுமதி குடுத்தாங்க, கூட்டத்த குறைக்கணும்னு பெரியவங்க வேஷத்த தான் மொதல்ல குறைச்சாங்க, அவருக்கு கூப்பிடல.

இந்த நேரத்துல புது எபிசோடு இல்லாததால மெட்டி ஒலி மாதிரி பழைய சீரியல் எல்லாம் திரும்ப ஓடுச்சு இல்லையா, மாமா சித்தப்பாவா நடிச்ச சீரியலும் ஒரு சேனல்ல மறுபடி போட்டாங்க. தினமும் அவர் மூஞ்சி டிவில. அதுக்கு அவருக்கு ஒரு ரூபா வரல, அன்னைக்கு நடிச்சதுக்கு அன்னைக்கு காசு, அதோட சரி. ஆனா ஊருக்கு அது தெரியுமா. மாரியம்மன் கோயில் வேலைக்கு நோட்டு எடுத்துட்டு வந்தவங்க அவர் பேருக்கு நேரா 25,000னு அவங்களே எழுதி வச்சிருந்தாங்க. அவரு திண்ணைல உக்காந்து களிய கைல வச்சுகிட்டு அந்த நோட்ட ரொம்ப நேரம் பாத்தாரு. அன்னைக்கு சாயங்காலம் தான் என்கிட்ட வந்து "மாப்ள, என் நோட்டையும் ஒரு தடவ பாரு"ன்னு குடுத்தாரு.

நாள் கணக்கு நோட்டு, எடுத்த முடிவுகள்

ரெண்டு நாள் உக்காந்து 2001ல இருந்து மாசம் மாசமா எத்தன நாள், எவ்ளோ ரேட்டுன்னு ஒரு நீள பேப்பர்ல எழுதினோம். ரேட்டு கோடு மேல போகுது, நாள் கோடு 2016ல இருந்து கீழ போகுது. அத பாத்துட்டு அவரு சொன்னது, "இது மாங்கா சீசன் மாப்ள, நான் ஃபேக்டரினு நினைச்சுட்டேன்."

முதல் முடிவு வரி. 2017-18 வரைக்கும் சென்னைல ஒரு ஆடிட்டர் ரிட்டர்ன் போட்டுட்டிருந்தாரு, 2018-19ல "வருமானமே இல்ல, எதுக்கு ரிட்டர்ன்"னு மாமா நிறுத்திட்டாரு. நிறுத்தக்கூடாத வருஷத்துல நிறுத்தினது இது. நடிகர் சம்பளத்துல 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே கழிக்கற வரி, புடிச்சுட்டு தான் குடுப்பாங்க. அந்த வருஷம் மொத்த வரவு 3,78,000, புடிச்சது 37,800. உடை, பயணம், மேக்கப், ரூம் வாடகைன்னு தொழில் செலவு கழிச்சா வரி கட்ட வேண்டிய அளவுக்கு வருமானமே இல்ல, அப்ப புடிச்சது பூரா திரும்ப வரணும். அந்த வருஷத்து ரிட்டர்னுக்கு கடைசி தேதிய கொரோனாவால 2020 செப்டம்பர் 30 வரைக்கும், அப்புறம் நவம்பர் 30 வரைக்கும் தள்ளி வச்சாங்க, நாங்க செப்டம்பர்லயே போட்டோம், டிசம்பர்ல பணம் வந்துச்சு. வேலை இல்லாத வருஷம் தான் ரிட்டர்ன் கட்டாயம் போட வேண்டிய வருஷம், நாள் சம்பளத்துக்கு நடிக்கறவங்க எல்லாரும், உங்க பேர்ல எவ்ளோ டிடிஎஸ் புடிச்சிருக்காங்கன்னு காட்டற 26ஏஎஸ் படிவத்த எடுத்து பாருங்க.

ரெண்டாவது லோன். ரிசர்வ் பேங்க் குடுத்த தவணை நிறுத்தத்த ஆகஸ்ட் வரைக்கும் எடுத்திருந்தாரு, வட்டி அசல்ல ஏறிச்சு, ஆனா அத விட்டா வேற வழியில்ல, அத நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஃபிளாட்ட விக்க வேணாம், 11,000 வாடகைக்கு விட்டுட்டு குடும்பம் தர்மபுரிக்கு வரட்டும்னு முடிவு பண்ணோம். அத்தை ஒத்துக்க ஒரு மாசம் ஆச்சு.

மூணாவது தான் பெருசு. இனிமே ரேட்டு பேசறதில்ல, நாள் பேசறது. அடுத்த வாய்ப்பு வந்தா மூணு விஷயம் கேக்கணும்னு எழுதி அவர் ஃபோன் கவர்ல வச்சோம்: மாசம் குறைஞ்சது எத்தன நாள், அது குறைஞ்சா என்ன குடுப்பாங்க, வேஷம் முப்பது நாளுக்கு மேல படுக்கைலயோ வெளியூர்லயோ போட்டோலயோ இருந்தா அதே நேரத்து வேற சீரியலுக்கு போக தடை இல்ல. மூணாவத நாங்க கோமா ஷரத்துன்னு கூப்பிடறோம்.

பின்ன நடந்தது: 2021 முதல் 2023 வரை

2021 ஜனவரில ரெண்டு இடத்துல தாத்தா வேஷம் கேட்டாங்க. ஒரு இடத்துல ஷரத்த கேட்ட உடனே "யோசிச்சு சொல்றோம்ணே"ன்னு வச்சவங்க தான், திரும்ப கூப்பிடல. அவரு ஒரு வாரம் தூங்கல, என் மேல கோவம் கூட. இன்னொரு இடத்துல ரேட்ட 9,000ல இருந்து 7,000க்கு இறக்கினா மாசம் 8 நாள் உறுதின்னு ஒத்துக்கிட்டாங்க. அக்ரிமென்ட் எல்லாம் இல்ல, எக்ஸிகியூட்டிவ் புரொடியூசர் வாட்ஸ்அப்ல மூணு வரி எழுதி அனுப்பினாரு, அத பிரின்ட் எடுத்து ஃபைல்ல வச்சேன். மாசம் 56,000, வாடகை 11,000.

ராத்திரி மொரப்பூர்ல ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினா விடியறதுக்குள்ள சென்ட்ரல், நாலு நாள் நடிச்சுட்டு கோயம்பேட்ல பஸ் புடிச்சு திரும்புவாரு. இதுல நஷ்டமும் உண்டு. "அண்ணே, மதியம் வர முடியுமா"ன்னு கேக்கற திடீர் வேலை எல்லாம் போச்சு, சென்னைலயே இருக்கறவங்களுக்கு தான் அது. ஒரு வருஷத்துல அப்படி நாலஞ்சு நாள் வேலை விட்டிருப்பாரு.

அந்த சீரியல் ரெண்டரை வருஷம் ஓடுச்சு. மூணு மாசம் 8 நாள் வரல, ரெண்டு மாசத்துக்கு குறைஞ்ச நாளுக்கு காசு குடுத்தாங்க, ஒரு மாசத்துக்கு குடுக்கல, நாங்களும் விட்டுட்டோம். 2022ல தாத்தாவ காசிக்கு அனுப்பினாங்க, முப்பது நாள் ஆச்சு, மாமா அந்த வாட்ஸ்அப்ப காட்டினாரு, அதே நேரத்துல ஓடற இன்னொரு சீரியல்ல ஆறு நாள் ஒரு ரிட்டயர்ட் தாசில்தார் வேஷம் பண்ணிட்டு வந்தாரு, யாரும் ஒண்ணும் சொல்லல. 2023 ஜூலைல சீரியல் முடியறத மூணு வாரத்துக்கு முன்னாடியே சொன்னாங்க. அடகு வச்ச நகை அதுக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்துடுச்சு.

அதுக்கு அப்புறம் வேலை வர்றப்ப போறாரு. மாசி பங்குனில பாரதம் வைக்கற ஊருக்கு போயி பசங்களுக்கு சொல்லி குடுக்கறாரு, ஒண்ணே கால் ஏக்கர்ல கேழ்வரகும் தக்காளியும். தக்காளி விலையும் டிஆர்பி மாதிரி தான்ங்கறாரு.

திரும்ப செய்யறதா இருந்தா என்ன மாறும்

2012ல மாசம் 90,000 வந்தப்ப லோன் போட்டது சரி, ஆனா 18 நாள வச்சு இஎம்ஐ கணக்கு போட்டது தப்பு, அஞ்சு நாள் வந்தா கட்ட முடியுமான்னு பாத்து போட்டிருக்கணும். ரெண்டு மாசம் தொடர்ந்து நாள் பாதியா குறைஞ்சா மூணாவது மாசமே அடுத்த இடம் தேடணும்னு இப்ப அவரே பசங்களுக்கு சொல்றாரு. 2018 நவம்பர்ல வந்த அப்பா வேஷத்துக்கு போயிருக்கணுமான்னு நாங்க ரெண்டு பேரும் இன்னும் பேசி முடிக்கல. போயிருக்கணும்னு நான் சொல்றேன், அந்த சீரியல் ஒரு வருஷத்துல நின்னுடுச்சுன்னு அவரு சொல்றாரு. ஒரு வருஷம் 10 நாள்னா 120 நாள் மாமான்னு நான் சொன்னா, "பழைய யூனிட்ல பேரு போயிருக்கும்ல"ங்கறாரு. அந்த பேர காப்பாத்தினதுக்கு அந்த யூனிட் அப்புறம் ஒரு தடவை கூட கூப்பிடலங்கறத நான் சொல்லல, அவருக்கே தெரியும்.

அம்மாயி விஷயத்துல மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே கருத்து. சாவு சீன் எடுத்த அன்னைக்கு ராத்திரியே வீட்டுக்கு ஃபோன் பண்ணி சொல்லிருக்கணும், முடிஞ்சா எபிசோடு ஓடற அன்னைக்கு வீட்ல இருந்திருக்கணும். 2023ல சீரியல் முடிஞ்சப்ப அப்படித்தான் பண்ணாரு. கடைசி எபிசோடுல தாத்தா சாகல, குரூப் போட்டோல சிரிச்சுகிட்டு நின்னாரு, அம்மாயி பக்கத்துல உக்காந்து தன் மகன் தோள தொட்டு தொட்டு பாத்துகிட்டே டிவியையும் பாத்தாங்க.

நோட்டு இப்பவும் எழுதறாரு. போன மாசம் நாலு நாள், இந்த மாசம் இதுவரைக்கும் மூணு.